பத்து சதவீதம் காட்டன்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓட்டை வாய். அது தெருவுக்கே தெரியும். அப்படியிருந்தும் திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் பக்கத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள், ஒரே வாரத்தில், தனித்தனியாக என் வீட்டுக்கு வந்து, ஆளுக்கொரு சேதியை என்னிடம் இறக்கிவைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று சொல்லிப் போனார்கள். ஒருவர் கையில் அடித்துச் சத்தியமே வாங்கிக்கொண்டார்.

மூத்தவர் சொன்ன சேதி இளையவளுக்குத் தெரியக் கூடாதாம். இளையவள் சொன்ன சேதி மூத்தவருக்குத் தெரியக் கூடாதாம். இரண்டையும் வயிற்றில் வைத்துக்கொண்டு நான் ஒருத்தி நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன முடியாமல் அல்லாடுகிறேன். எவ்வளவு அநியாயம் பாருங்கள்!

சொல்ல மாட்டேன் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுத மாட்டேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. கதை எழுதுகிறவளுக்கு இந்தச் சந்துகூட இல்லையென்றால் அவள் என்னதான் செய்வாள்?

2

தொடக்கத்தைப் பல முறை எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் சில இங்கே கிடக்கட்டும்.

"உலகமெங்கும் போய்ச் சேரும் திருப்பூர் பின்னலாடைகளின் உள்ளே ஒளிந்திருக்கும் அந்தச் சின்னஞ்சிறு துணித்துண்டை நீங்கள் என்றாவது..." வேண்டாம். ஏற்றுமதி விழா வரவேற்புரை மாதிரி இருக்கிறது.

"மெஷின்களும் மனிதர்களைப் போலத்தான், அவற்றுக்கும் சில சமயம் கொஞ்சம் அவகாசம்..." இதை முடிக்கவே மாட்டேன். இந்த உவமை கதை முழுக்க ஈ மாதிரி சுற்றிச் சுற்றி வரும். நீங்களும் விரட்டிக்கொண்டே வாசியுங்கள்.

"நஞ்சம்மாள் லேபிள் அடிக்கிறார்." சரி, இது நிற்கும்.

நஞ்சம்மாள் லேபிள் அடிக்கிறார். பனியனுக்குள், பக்கத் தையலோடு சேர்த்து ஒரு வெள்ளை சாட்டின் துண்டு இருக்குமே, 100% காட்டன், வெந்நீரில் போடாதே, பிளீச் வேண்டாம் என்றெல்லாம் அச்சடித்து. உறுத்துகிறது என்று வாங்கி வந்த அன்றே கத்தரித்து எறிவீர்களே, அதுதான். முன்பு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவர். வீட்டுக்காரர் தவறிய பிறகு, மூடிப்போன ஒரு லேபிள் யூனிட்டிலிருந்து இந்த மெஷினைப் பழசாக வாங்கி முன்னறையில் போட்டுக்கொண்டார். சாட்டின் ரிப்பன் ஒரு பக்கம் உள்ளே போகும், மறுபக்கம் எழுத்தோடு வெளியே வரும். என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மெஷின் ஓடினால் என் டம்ளர்கள் ஸ்டாண்டில் கிலுகிலுவென்று ஆடும்.

மகன் சுரேந்தர் வெள்ளகோவிலில் இருக்கிறான். தங்கமான பையன். (வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. மாசம் தவறாமல் வந்து அம்மாவின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டுப் போகிறவனை எப்படி வில்லனாக்குவது?) வரும்போதெல்லாம் ஒரே பாட்டு. "எதுக்குங்மா உங்களுக்கு இந்தத் தொல்லை? மெஷினைக் குடுத்துப்போட்டு நம்மூட்டுக்கு வந்துருங்."

நஞ்சம்மாளுக்குப் போக மனமில்லை. அதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் பணயம் அதுதான். இங்கே அவர் 'லேபிள் நஞ்சம்மா'. பேக்கரியில் கேட்டாலும் வழி காட்டுவார்கள். அங்கே போனால் 'சுரேந்தர் அம்மா'. இங்கே அவருக்கு ரசம் மட்டும் வைக்க வேண்டும் என்று தோன்றினால் ரசம் மட்டும்தான் வைப்பார். மெஷின் ஓடுகிறவரைக்கும் யாரும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போக முடியாது. மெஷின் நின்றால், மகனுக்கு மறுப்புச் சொல்ல அவரிடம் காரணமே இல்லை.

3

அப்புறம், மெஷினுக்கு எழுத்தை அனுப்பிக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர் செத்தது. சுரேந்தர் புதிதாக ஒன்று வாங்கி வந்து வைத்தான். மெஷின் பழைய காலத்து அகலமான கேபிள்காரன். அதற்கான சாக்கெட்டே புதியதில் இல்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஜனனிதான் அந்தச் சாக்கெட் வைத்த கார்டு ஒன்று வாங்கி மாட்டிக் கொடுத்தாள்.

ஜனனி வீட்டிலிருந்தே ஒரு பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டருக்கும் அதோடு இணைத்த சாமானுக்கும் நடுவில் நின்று பேச்சுவார்த்தை நடத்தும் புரோகிராம் ஒன்று இருக்கிறதாம், டிரைவர் என்று பெயர். அதை எழுதுவது அவள் தொழில். முதல் படியில் இவளைக் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவளாக எழுதினேன். படித்த பெண், பழைய மெஷின், மூக்கைச் சுளிப்பது என்று. அடித்துவிட்டேன். நஞ்சம்மாள் வீட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கேபிளுக்குப் பின்னால் இருந்த ஒட்டடையைத் துப்பட்டாவால் துடைத்தவள் அவள். தலைக்கனம் எங்கே ஒட்டும்?

புதுக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து மெஷின் எழுத்தை விழுங்க ஆரம்பித்தது. காட்டனில் ஒரு எழுத்து போனால் யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் நூறில் ஒரு சைபர் போனால்? 10% காட்டன். வெளிநாட்டுக்காரன் அதைப் பார்த்தால் மீதித் தொண்ணூறு என்ன என்று கேட்பானா மாட்டானா?

ஏன் இப்படி என்று கேட்டேன். ஜனனி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.*

"அக்கா, எட்டு வயர்ல ஒரு எழுத்தை வச்சுட்டு, இன்னொரு வயரை ஒரு தட்டு தட்டுவோமுங்க. 'எடுத்துக்கோ'ன்னு அர்த்தம். உடனே மெஷின் அதோட வயரைத் தூக்கி 'இரு, வேலையா இருக்கேன்'னு சொல்லோணும். அது இறங்குனப்புறம்தான் அடுத்த எழுத்து. இந்த மெஷினுக்கு அந்த 'இரு'வைச் சொல்றதுக்கே நேரமாகுது. அது சொல்றதுக்குள்ள நம்ம கம்ப்யூட்டர், சும்மாதான இருக்குதுன்னு நினைச்சு அடுத்ததைத் திணிச்சுருது."

"பழைய கம்ப்யூட்டர்ல நல்லா இருந்துச்சே?"

"அது நகர்றதுக்கே நேரமாகுமுங்க. அதனால சண்டையே வரல."

(* இதில் தப்பிருந்தால் தப்பு என்னுடையது. நான் படித்தது பி.ஏ. வரலாறு.)

தீர்வு அவளுக்குச் சுலபம்தான். தட்டிய உடனே மெஷினின் வயரைப் பார்க்காதே, கொஞ்சம் பொறுத்துப் பார் என்று டிரைவரில் ஒரு வரி. ஆனால் எவ்வளவு பொறுப்பது? குறைத்து வைத்தால் எழுத்து போகும். கூட்டி வைத்தால் வேலை இழுத்துக்கொண்டே கிடக்கும். மெஷினை ஓட்டிப் பார்த்து, அளந்துதான் வைக்க வேண்டும். அளந்தாள். இரண்டு முறை வந்து அளந்தாள். வைத்தாள். அந்த வரிக்குப் பக்கத்தில் 'நஞ்சம்மாள் அத்தை மெஷினுக்காக' என்று குறிப்பும் எழுதினாளாம். அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி!

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால்.

4

முடியவில்லை. மெஷின் இன்னும் விழுங்குகிறது.

இதுதான் முதல் சேதி. போன திங்கட்கிழமை நஞ்சம்மாள் என் சமையலறை வாசலில் நின்று சொன்னது. அவர் கையில் கத்தரி இருந்தது. வெளியே வருகிற ரிப்பனை ஒவ்வொரு லேபிளாகக் கண்ணால் பார்த்து, சைபர் போனதை வெட்டி எடுத்து எறிந்துகொண்டிருக்கிறார், நாள் முழுக்க. எவ்வளவு பார்த்தாலும் ஒன்றிரண்டு தப்பிப் போகிறது. அப்படித் தப்பியது ஒரு குழந்தைச் சட்டையில் தைக்கப்பட்டு, கம்பெனி செக்கிங்கில் மாட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் முருகவேல் அதை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "இன்னொருக்கா இப்படி வந்தா என்னால ஒண்ணும் பேச முடியாதுங்க. லேபிளை வேற எடத்துல குடுத்துருவாங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாராம்.

"அப்ப ஜனனிகிட்டச் சொல்லுங்கக்கா. அவதான பார்த்தா?"

"ஐயோ சாமி, வேண்டாமுங்க அம்மிணி! அந்தப் புள்ள ரெண்டு தடவ வந்து தரையில கெடந்து பார்த்துச்சு. கூலின்னு ஒண்ணும் வாங்கல. நல்லா ஓடுதுங்களா அத்தைன்னு கேட்டுச்சு. நானும் ஜோரா ஓடுது கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். இப்பப் போயி ஓடலைன்னா மனசு நொந்துராதுங்களா?"

"சரி, அவ வந்தப்ப மட்டும் எப்படி நல்லா ஓடுச்சு?"

நஞ்சம்மாள் சிரித்தார். கொஞ்சம் வெட்கத்தோடு.

"சூடேறுனாத்தானுங்க அதுக்குக் கிறுக்குப் புடிக்கும். காத்தால ஓட்ட ஆரம்பிச்சா மத்தியானத்துக்கு மேலதான் முழுங்கும். புள்ள வர்றேன்னு போன் பண்ணுச்சு. உடனே நிறுத்திப்போட்டு, தொடச்சு, ஃபேனை அதும்பக்கம் திருப்பி வெச்சு நல்லா ஆறப்போட்டேன். வந்தப்ப ஜில்லுன்னு இருந்துச்சு. ரெண்டு வாட்டியும் அப்பிடித்தான்."

"ஏனுங்கக்கா, கோளாறு பார்க்க வர்ற பொண்ணுகிட்ட கோளாறை மறைச்சு வெப்பாங்களா?"

"மறைச்சு வெக்கலைங்க. ஒறம்பரை வர்றப்ப அழுதுட்டிருக்கிற கொழந்தையையா முன்னால நிறுத்துவாங்க? மூஞ்சி கழுவி, பவுடர் போட்டுத்தான நிறுத்துவோம்?"

எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு, அது டிரைவர் எழுத வந்த ஒறம்பரையாகவே இருந்தாலும், வீட்டின் நல்ல முகத்தைத்தான் காட்டுவோம். நானும் அப்படித்தான். சொந்தக்காரர் வந்தால் உடைந்த நாற்காலியை மொட்டை மாடிக்குத் தூக்குகிறவள்தான். சிரிக்க எனக்கு என்ன தகுதி?

அப்போதுதான் கையை நீட்டி, அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன்.

5

இரண்டாவது சேதி வியாழக்கிழமை வந்தது. ஜனனி. கையில் லேப்டாப் பை, முகத்தில் கவலை.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேனுங்க. முருகவேல் அண்ணனைப் பேக்கரில பார்த்தேன். மறுபடியும் பத்து சதவீத லேபிள் போயிருக்குதாமுங்க."

"அப்படியா?" என்றேன். இவ்வளவு மோசமாக நான் நடித்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"டிரைவர்ல தப்பில்லைங்க. ரெண்டு தடவை, அத்தை முன்னாடியே, முழு ரோல் ஓட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட விழல. அப்ப என்ன அர்த்தம்? முன்னாடி கெட்டுப்போன பழைய ரோல் எதுலயோ கலந்திருக்குது, அத்தைக்குத் தெரியல. கண்ணு சரியில்லைன்னு நினைக்கிறேனுங்க. அவங்களுக்கே அது தெரியாம இருக்கலாம்."

"அவங்ககிட்டக் கேட்டுப் பாரேன்."

"எப்படிங்கக்கா கேக்கறது? உங்களுக்குக் கண்ணு தெரியலைங்களான்னா? தன் கையால சம்பாரிச்சுச் சாப்பிடறவங்க. நானே கேட்டா ஒடிஞ்சு போயிருவாங்க." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "அதனால சுரேந்தர் அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிரலாம்னு இருக்கேன். பக்குவமா. ஒரு தடவை கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, கொஞ்ச நாள் உங்ககூட வெச்சுக்கங்கன்னு. ஞாயித்துக்கிழமை லீவுல இருப்பாரு, அன்னிக்குப் பண்ணிர்றேன். அத்தைகிட்ட நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க, ப்ளீஸ்."

போன் போன அன்று சாயங்காலமே சுரேந்தர் கார் எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். கண் பரிசோதனை முடியும். அவன் அம்மாவின் துணிகளைப் பையில் அடுக்குவான். 'கொஞ்ச நாள்' என்று ஆரம்பிக்கும். நஞ்சம்மாளும் மறுக்க மாட்டார், ஏனென்றால் மகன் முகம் வாடும்.

இந்தக் கதையில் கெட்டவர்கள் இல்லை, கவனித்தீர்களா? ஒருத்தர் மனசு நோகக் கூடாது என்று இன்னொருத்தர், அவர் ஒடிந்துபோகக் கூடாது என்று இவர். இந்த மரியாதையில் ஒரு மனுஷிக்கு வீடு போகப் போகிறது. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டிவிடலாம் போலிருக்கிறது.

6

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

முதல் முடிவு: ஜனனி தானாகவே கண்டுபிடிக்கிறாள். ராத்திரி படுத்திருக்கும்போது, சூடு ஏற ஏற மெஷின் 'இரு' சொல்வது இன்னும் தாமதமாகும், ஆறிய மெஷினில் அளந்த அளவு எப்படிப் போதும் என்று மூளையில் பொறி தட்டி... பொய். சூடேறிய மெஷினை அவள் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றை எப்படி அளப்பாள்?

இரண்டாவது முடிவு: நஞ்சம்மாள் மனம் மாறி, ஜனனி வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்கிறார். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவர் போவார், ஆமாம். முறுக்கு எடுத்துக்கொண்டு போவார். "எல்லாம் சவுக்கியந்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டு வருவார்.

மூன்றாவது முடிவு: கதைக்காரி சத்தியத்தை மீறுகிறாள். (இதைப் பாதிவரை எழுதினேன். சுவருக்கு அந்தப் பக்கம் கத்தரிச் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டேன்.)

நான்காவது: சுரேந்தர் வருகிறான், கூட்டிப்போகிறான், மெஷினை யாரோ தூக்கிப்போகிறார்கள், என் டம்ளர்கள் ஆடாமல் நிற்கின்றன. இது பத்திரிகைக்கு எடுப்பாக இருக்கும். வாசித்துவிட்டு உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு வேண்டாம். அந்த உச்சுக்கொட்டலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். நஞ்சம்மாளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியதும் இருக்கலாம். மெஷின் சூட்டில் மட்டுமல்லாமல் வேறு எதிலாவதும் முரண்டு பிடிக்கலாம். நான் வரலாறு படித்தவள், இரண்டு சேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். சூடான மெஷினை அளந்து பார்க்கத் தெரிந்த ஆள் இந்தத் தெருப்பக்கம் ஒரே ஆள்தான்.

அதனால் இந்தக் கதையைப் பத்திரிகைக்கு அனுப்பப் போவதில்லை. ஒரே பிரதி எடுக்கிறேன். ஒரே வாசகருக்கு.

7

ஜனனி, இது உனக்கு.

இதுவரை 'நீங்கள், நீங்கள்' என்று மரியாதையாக எழுதிவந்தேன், இனி முடியாது. கோபப்படு. அத்தை சொன்னதை நான் எழுதிவிட்டேன் என்று அத்தையும் கோபப்படட்டும். நீ சொன்னதும் இதிலேயே இருக்கிறது, அத்தை கேட்டால் இதையும் காட்டுவேன். இரண்டு பேரும் ஒரு மாசம் என்னோடு பேசாமல் இருந்தால் எனக்கு வலிக்கும். தாங்கிக்கொள்வேன்.

இன்றைக்குச் சனிக்கிழமை. காலையிலிருந்து சுவர் அதிர்ந்துகொண்டிருக்கிறது. முருகவேல் கம்பெனிக்குத்தான் ஓட்டுகிறார். சாயங்காலம் அவர்கள் வண்டி வரும். வெயில் வேறு கொளுத்துகிறது. நீ இதை வாசித்து முடிக்கும்போது மத்தியானம் ஆகியிருக்கும், மெஷின் நன்றாகக் கொதித்திருக்கும்.

இதற்கு முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீ எழுதிய அந்த ஒரு வரியில் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்பது உனக்குத்தான் தெரியும். அதை நீ மாற்றினால் அத்தை இங்கே இருப்பார். மாற்றிய பிறகும் மெஷின் விழுங்கினால், அப்போது நீ அவர் பக்கத்தில் இருப்பாய். கண்ணைப் பற்றி அவரிடமே கேட்கலாம். சுரேந்தரிடம் கேட்பதற்கு முன்னால்.

சுரேந்தருக்குப் போன் பண்ணாதே. வர்றேன் என்று அத்தைக்கும் பண்ணாதே. பண்ணினால் நிறுத்திப்போட்டு விசிறிவிடுவார்.

உன் அளக்கிற சாமானை எடுத்துக்கொண்டு நேராகப் போ. கேட்டில் பூட்டு கிடையாது, கம்பிக்குள் கையை விட்டால் தாழ்ப்பாள் எட்டும். மெஷின் சத்தத்தில் நீ வந்தது அவருக்குக் கேட்காது. கத்தரியும் கையுமாக, தலை கலைந்து, வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார். உன்னைப் பார்த்ததும் பதறி எழுந்து சுவிட்சை அணைக்கப் போவார்.

அந்தக் கையைப் பிடித்துக்கொள், கண்ணு.